எசேக்கியா ராஜா லண்டனில் இருந்திருந்தால்

எதைப் பார்த்தாலும் பிரசங்கமாகத் தோன்றும் வியாதி எங்கள் குடும்பத்தில் உண்டு. தாத்தா நாசரேத் பக்கத்தில் உபதேசியார். பனையை அண்ணாந்து பார்த்தால் மூன்று குறிப்பு, கருப்பட்டிப் பாகு கொதிக்கும் சட்டியைக் குனிந்து பார்த்தால் இன்னொரு மூன்று. அந்த வியாதி எனக்கும் ஒட்டிக்கொண்டு ஈஸ்ட் ஹாம் வரைக்கும் வந்துவிட்டது. பனையில்லாத ஊரில் பிழைப்பு எப்படி ஓடும் என்பதுதான் கவலையாக இருந்தது.

வீண் கவலை. லண்டனில் பருவத்துக்குப் பருவம் உதாரணங்கள் கொட்டிக் கிடக்கின்றன. நமக்கு முன்னால் எல்லாரும் பொறுக்கிவிடுகிறார்கள், அதுதான் சங்கடம். செப்டம்பரில் முதல் இலை பழுத்தால் அந்த ஞாயிறு வாழ்வின் நிலையாமை. பனி விழுந்தால் பாவ மன்னிப்பு. டாஃபடில் பூத்தால் உயிர்த்தெழுதல். ஊரில் ஈஸ்டர் என்றால் மின்விசிறி அனலை வாரி இறைக்கும் காலம். அந்த வேக்காட்டில் துளிர், வசந்தம் என்று போதகர் பேசும்போது, ஏதோ வெளிநாட்டுச் சமாசாரம் என்று கேட்டுக்கொண்டிருப்போம். இங்கே வந்த பிறகுதான் அது நிஜமாகவே வெளிநாட்டுச் சமாசாரம் என்று தெரிந்தது.

யாரும் அதிகம் கைவைக்காத உதாரணம் ஒன்று மிச்சமிருக்கிறது: கடிகாரம். மார்ச் கடைசி ஞாயிறு அதிகாலை 1 மணி ஒரே தாவலில் 2 ஆகும். அக்டோபர் கடைசி ஞாயிறு 2 மணி மறுபடி 1 ஆகும். வாரத்தில் ஆறு நாள் சும்மா கிடக்க, ஆண்டவருடைய நாள்தான் அகப்பட்டது இவர்களுக்கு.

இதற்கு இங்கே விதை போட்டவர் வில்லியம் வில்லெட். சிஸல்ஹர்ஸ்ட்காரர், வீடு கட்டுவது தொழில். விடிகாலையில் பெட்ஸ் வுட் பக்கம் குதிரையில் போனவர், சூரியன் உதித்தும் வீடுகளில் திரை விலகாததைக் கண்டு மனம் பொறுக்காமல், பகல் வெளிச்சம் வீணாகிறதே என்று 1907இல் ஒரு சிறுபுத்தகம் போட்டார். அவர் கேட்டது, ஏப்ரலில் நாலு ஞாயிறு, ஞாயிற்றுக்கு 20 நிமிடம், ஆக 80 நிமிடம். எங்கள் சபையில் அமல்படுத்தியிருந்தால் ஒருவரும் கவனித்திருக்க மாட்டார்கள். முதல் பாட்டுக்கும் கடைசி ஆள் வந்து உட்காருவதற்கும் நடுவே எப்போதும் அதைவிட அதிகமாகவே ஆகும். நாடாளுமன்றம் அசையவில்லை. 1915இல் வில்லெட் காலமானார். அடுத்த வருஷம் மே மாதம், யுத்த நெருக்கடியில் நிலக்கரியை மிச்சம் பிடிக்க அது சட்டமாகிவிட்டது. கானானைத் தூரத்திலிருந்து பார்த்ததோடு முடிந்த மோசேயாவது மலையேறிப் பார்த்தார். இவருக்கு அதுவும் இல்லை. பதிலுக்குப் பெட்ஸ் வுட்டில் ஒரு சூரியக் கடிகாரம் நட்டு வைத்திருக்கிறார்கள். அது வருஷம் பூராவும் கோடை நேரத்தைத்தான் காட்டும்.

சூரியக் கடிகாரம் என்றதும் எசேக்கியா ராஜா நினைவுக்கு வராத உபதேசியார் பேரன் உண்டா? வியாதிப் படுக்கையில் அடையாளம் கேட்டார். நிழல் பத்துப் பாகை முன்னே போகட்டுமா, பின்னே போகட்டுமா என்றார் ஏசாயா தீர்க்கதரிசி. முன்னே போவது லேசு, பின்னே திருப்புங்கள் என்றார் ராஜா. பாவம், மார்ச் மாதக் கடைசி ஞாயிறு லண்டனில் கண்விழித்துப் பார்த்திருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார். இங்கே பின்னே போவதுதான் லேசு. முன்னே போவதற்குத்தான் விசுவாசம் வேண்டும்.

2024இல் அந்த விசுவாசம் சோதிக்கப்பட்டது. மார்ச் 31, ஈஸ்டரும் கடிகார மாற்றமும் ஒரே நாள். எங்களுக்கோ ஈஸ்டர் என்றால் இருட்டோடு ஆராதனை. கடிகாரத்துக்கு 5 மணி, உடம்புக்கு 4. கல்லறைக்கு முதலில் போனவர்கள் பெண்கள் என்கிறது வேதம். அன்று ஆலயத்துக்கு முதலில் வந்தவர்களும் அவர்களே. சீஷர்கள் பிறகு ஒவ்வொருவராக, கார் நிறுத்த இடம் கிடைக்கவில்லை என்று சொல்லிக்கொண்டு வந்தார்கள். காலை 5 மணிக்கு!

பிரசங்கம் பத்து நிமிடம் நீண்டால் மணிக்கட்டைப் பார்க்கிற ஜனங்கள் நாங்கள். அரசாங்கம் ஒரு முழு மணி நேரத்தை ராத்திரியோடு ராத்திரியாகத் தூக்கிக்கொண்டு போனால் வாய் திறப்பதில்லை. ஏழு மாதம் கழித்துத் திருப்பித் தரும்போதும் வட்டி கிடையாது. ஒற்றைத் தாலந்தை மண்ணில் புதைத்து அப்படியே நீட்டிய ஊழியக்காரனை உவமையிலே புறம்பான இருளுக்கு அனுப்பினார்கள். இங்கே இருளை நமக்கு அனுப்புகிறார்கள், நவம்பரில் நாலரை மணிக்கெல்லாம்.

வீட்டில் இந்தச் சட்டத்துக்குக் கீழ்ப்படியாத ஆத்துமா ஒன்று உண்டு, என் அம்மா. அவர் கையில் பழைய எச்.எம்.டி., ஊர் நேரம். லண்டன் நேரம் வேண்டுமென்றால் கையைத் திருப்பி வாட்ச்சைத் தலைகீழாகப் பார்ப்பார். இரவு ஏழரை காட்டும் வாட்ச் தலைகீழாக மதியம் 2 காட்டும். குளிர்காலத்தில் கணக்கு அச்சாகப் பொருந்தும். கோடையில் ஒரு மணி நேரம் உதைக்கும். எங்கள் தமிழ் ஆராதனை, இங்கிலீஷ்காரர்கள் காலையில் முடித்துவிட்டுப் போன ஆலயத்தில் மதியம் 2 மணிக்கு. ஏப்ரல் முதல் ஒவ்வொரு ஞாயிறும் வாசலில் சாவியோடு நான் நிற்பேன்.

"ஏல, இன்னும் ஒரு மணி நேரம் கெடக்கு. என்னத்துக்குப் பறக்க?"

"மணிய மாத்திட்டாங்கம்மா."

"யாரு? ராசாவா? சூரியனக் கேட்டாரா?"

போன அக்டோபர் கடைசி ஞாயிறு நான் குளியலறையிலிருந்து வருவதற்குள், சேலை கட்டி, பைபிளும் பாட்டுப் புத்தகமும் பையில் வைத்து, சோபாவில் உட்கார்ந்திருந்தார். ஆலயத்தில் நுழையவும் சுவர்க் கடிகாரத்தில் மணி 2 ஆகவும் சரியாக இருந்தது. அதை ஒருதரம் பார்த்தார். கையைத் திருப்பி வாட்ச்சை ஒருதரம் பார்த்தார்.

"பாத்தியால," என்றார், "ஊரு மனந்திரும்பிட்டு."