எண் போட்ட புளியமரங்கள்

1970-களின் கடைசியில் திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரை ஜி.எஸ்.டி. (கிராண்ட் சதர்ன் டிரங்க்) ரோட்டில் இரண்டு பேர் பக்கம் பக்கமாகச் சைக்கிள் மிதித்தபடி, பேச்சு அறுபடாமல் போகலாம். லாரி வந்தால் வெகுதூரத்திலேயே சத்தம் கேட்டுவிடும். மண்ணில் இறங்கி வழிவிட்டு, தூசி அடங்கியதும் மறுபடி தார் ரோட்டில் ஏறுவோம். இரண்டு பக்கமும் புளியமரங்கள். ஒவ்வொரு மரத்தின் அடியிலும் வெள்ளை அடித்துக் கறுப்பில் எண் எழுதியிருக்கும். வருஷாவருஷம் புளி மகசூலை ஏலம் விடுவதற்காக நெடுஞ்சாலைத் துறை போட்ட எண்கள் அவை. எங்களுக்கு அவைதான் மைல்கல். "நூத்திப் பதினாலுல நிக்கிறேன், வந்து சேருடா" என்று சொல்லிவிட்டு ஒருவன் முன்னால் மிதிப்பான். மற்றவன் மரங்களைப் படித்துக்கொண்டே போய்ச் சேருவான்.

அப்போது எல்லாமே தென்னாற்காடு மாவட்டம். விழுப்புரம் தனி மாவட்டமானது 1993-ல். சொந்தச் சைக்கிள் உள்ள வீடுகள் குறைவு, வாடகை சைக்கிள் கடைகள் நிறைய. நோட்டில் பெயரையும் எடுத்த நேரத்தையும் எழுதிவிட்டு வண்டியை எடுக்க வேண்டும். நாள் வாடகை என்றால் தெரிந்தவர் யாராவது ஜாமீன் சொல்ல வேண்டும். கையில் வந்ததும் பெருவிரலால் டயரை அழுத்திப் பார்ப்போம். பின்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றி ரிம் கோணலா என்று கவனிப்போம். கேரியரில் தூக்குவாளி நிறையப் புளிச்சோறு. பாரில் துண்டை மடித்துப் போட்டு, கூட வருவேன் என்று அழுத தம்பி.

விடுமுறை நாளில் போன இடங்களை இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். 1959-ல் கட்டிய வீடூர் அணை: 32 அடிதான் உயரம், ஆனால் வராக நதியும் தொண்டியாறும் சேர்ந்து வந்து நிற்கிற தண்ணீர் எங்களுக்குச் சமுத்திரம். திருவக்கரையில் கல்லாகிப் போன மரங்கள், சுமார் 2 கோடி ஆண்டுப் பழசு. சோன்னரா என்ற பிரெஞ்சுக்காரர் 1781-லேயே இவற்றைப் பார்த்து எழுதியிருக்கிறார் என்பதெல்லாம் பிற்பாடு படித்தது; அன்றைக்கு அதன்மேல் உட்கார்ந்து சோறு தின்றோம். பனமலையில் ராஜசிம்ம பல்லவன் எடுத்த கோயில். மேலே ஏறினால் மலையடியில் ஏரி விரிந்து கிடக்கும். இந்த ஊர்களுக்கெல்லாம் பாதி வழி ஏரிக்கரை மேல்தான். எதிரே வருவது மாட்டு வண்டியாகவோ ஆட்டு மந்தையாகவோ இருக்கும்.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது கழுவேலி. பிரம்மதேசம், முருக்கேரி வழியாக மரக்காணம் ரோட்டில் போய், தெற்கே மண்பாதையில் இறங்கினால் பனைமரங்களுக்குப் பின்னால் வானம் தாழ்ந்துவிடும். அதற்குப் பிறகு கரை என்று ஒன்று திட்டமாக இல்லை. மழைக்காலத்தில் சுற்றுவட்டாரத்து ஏரிகள் கோடி போன தண்ணீரெல்லாம் இங்கே வந்து சேரும். கோடையில் அது வற்ற வற்ற, எடையன்திட்டுக் கழிமுகம் வழியாகக் கடல்நீர் உள்ளே ஏறும். ஒரே இடம் தையில் நன்னீரும் வைகாசியில் உவர்நீருமாக இருப்பதால்தான் இத்தனை வகைப் பறவைகள். மணல் கண்ட இடத்தில் சக்கரம் புதையும். இறங்கித் தள்ள வேண்டும். அப்படித் தள்ளிக்கொண்டு போகிற நேரத்தில்தான் தண்ணீரின் நடுவே இளஞ்சிவப்பாக ஒரு கோடு தெரியும். பூநாரைகள். உதட்டை நக்கினால் உப்புக் கரிக்கும். மரக்காணத்து உப்பளங்களிலிருந்து வரும் காற்று.

இந்தப் பாதையில் எங்களுக்கு முன்னால் போனவர்கள் பாணர்கள். இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படை ஓய்மாநாட்டு நல்லியக்கோடனிடம் பரிசில் பெறப் போகிறவர்களுக்கு வழி சொல்கிறது: எயிற்பட்டினம், வேலூர், ஆமூர், கிடங்கில். எயிற்பட்டினம் மரக்காணம் என்றும், கிடங்கில் திண்டிவனத்தின் கிடங்கல் என்றும் அறிஞர்கள் சொல்கிறார்கள். கடலோரத்தில் சுட்ட உலர்மீன், வேலூரில் புளி சேர்த்த சோறு, ஆமூரில் நண்டு என்று எந்த ஊரில் என்ன சாப்பாடு கிடைக்கும் என்பது வரை புலவர் சொல்லிவிடுகிறார். கடற்கரையில் தொடங்கிக் காட்டிலும் வயலிலும் புகுந்து நல்லியக்கோடன் வாயிலில் முடிகிற பயணம். இன்றைக்கு ஒருவர் சைக்கிளில் சுற்றிப் பார்க்க நல்ல வழி கேட்டால், நான் அந்த 269 அடிகளைத்தான் கையில் கொடுப்பேன்.

இனி மறுபடி ஜி.எஸ்.டி. ரோட்டுக்கு வருவோம். 2000-க்குப் பிறகு அது நான்கு வழிச் சாலையானது. புளியமரங்கள் எண்ணோடு போயின. சென்னைக்கு ஆம்புலன்ஸ் சீக்கிரம் போய்ச் சேருகிறது, காய்கறி வாடாமல் போகிறது. அந்த லாபத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த ரோட்டைக் கடக்க வேண்டிய சைக்கிள்காரருக்கு யாரும் வழி யோசிக்கவில்லை. போன வருஷம் காலை எட்டரை மணிக்கு, விக்கிரவாண்டிக்கு வடக்கே ஓர் இடத்தில், சீருடை போட்ட ஒரு பெண்பிள்ளை அரசு கொடுத்த சைக்கிளோடு நின்றிருந்தாள். நடுத்திட்டில் இடைவெளி இல்லை. இரண்டு கண்டெய்னர் லாரிகளுக்கு இடையில் ஓடி, முன்சக்கரத்தைத் திட்டின் மேல் தூக்கி வைத்து, பிறகு பின்சக்கரத்தைத் தூக்கி, அரளிச் செடிகளுக்கு நடுவே மூச்சு வாங்கக் காத்திருந்தாள். புத்தகப் பை ஒரு தோளில் சரிந்து கிடந்தது. இந்தப் பக்கம் வந்ததும் விசாரித்தேன்.

"இந்த ரோட்டத் தாண்டுறதுதான் தாத்தா கஷ்டம். இந்தாண்ட வந்துட்டா ஏரிக்கர மேலயே போயிடுவேன். ஒரு வண்டி வராது."

2001-ல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு என்று தொடங்கிய விலையில்லா மிதிவண்டித் திட்டம் சில ஆண்டுகளில் அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளிகளின் பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் எல்லாருக்கும் விரிந்தது. தமிழ்நாடு செய்த அருமையான காரியங்களில் ஒன்று அது. எத்தனையோ பெண்கள் பத்தாவதோடு நிற்காமல் படித்ததற்கு அந்தச் சைக்கிளும் ஒரு காரணம் என்று நம்புகிறேன். அதை ஓட்டிப் போக ஆபத்தில்லாத வழி தருவதும் அதே கடமையில் சேர்ந்ததுதான்.

எல்லாம் கெட்டுவிட்டது என்று எழுத எனக்கு மனமில்லை, அது உண்மையும் இல்லை. கழுவேலியில் 5,151 ஹெக்டேர் 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024 ஆகஸ்டில் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. வானூர் பக்கம் போனால் இன்னொரு அதிசயம். 1968-ல் ஆரோவில் தொடங்கியபோது அது மழை அரித்துப் பள்ளம் பறித்த செம்மண் மேடு; நாங்கள் சைக்கிளில் அந்தப் பக்கம் போனால் ஒதுங்க நிழல் கிடைக்காது. வந்து குடியேறியவர்களும் இடையஞ்சாவடி, குயிலாப்பாளையம் போன்ற ஊர்க்காரர்களும் வரப்பு கட்டி மழைநீரைத் தேக்கி மரம் நட்டார்கள். புத்துப்பட்டு ஐயனார் கோயில் காடு போல எஞ்சிய காடுகள்தான் பாலை, காசா, வீரை போன்ற நம் மண்ணின் மரங்களுக்கு விதைக் களஞ்சியம். இன்று அங்கே செம்மண் பாதையில் சைக்கிள் ஓட்டினால் வெயில் மேலே படுவதில்லை. அன்றைக்கு இல்லாத காடு இன்றைக்கு இருக்கிறது. நாலு தலைமுறை நிழல் தந்த சாலை மரங்கள் இல்லை.

நாங்கள் மரத்து எண்ணைப் பார்த்து வழி போனது போல, எண்ணால் வழி காட்டுகிற இடம் ஒன்று உண்டு. பெல்ஜியத்தில் லிம்பர்க் என்று ஒரு மாகாணம், நிலக்கரிச் சுரங்கங்கள் மூடப்பட்ட பகுதி. சுரங்கப் பொறியாளரான ஹியூகோ போலன், சைக்கிள் வழிகள் சந்திக்கிற இடத்துக்கெல்லாம் எண் கொடுத்து, ஓர் எண்ணிலிருந்து அடுத்த எண்ணுக்குப் போகிற மாதிரி இணைக்கலாம் என்றார். 1995-ல் அது நடைமுறைக்கு வந்து, பக்கத்து நாடுகளுக்கும் பரவியது. பிறகு லிம்பர்க்கில் துணிந்து பெரிய வேலைகளும் செய்தார்கள். 2016-ல் ஒரு குளத்தின் ஊடே 212 மீட்டருக்குப் பாதை. ஓட்டுகிறவரின் கண் மட்டத்தில் இரு பக்கமும் தண்ணீர். 2019-ல் ஒரு காட்டில் 700 மீட்டருக்கு வட்டமாக உயர்ந்து, பத்து மீட்டர் மேலே மரங்களின் நடுவே போகிற பாதை. கேட்டபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. அத்தனை செலவு நமக்கு வேண்டாம். தண்ணீருக்கு நடுவில் உயரமாகப் போகிற பாதைகளை நம் முன்னோர் ஏற்கெனவே போட்டு வைத்திருக்கிறார்கள். ஊருக்கு ஊர் ஏரிக்கரை இருக்கிறது. அதில் மண்டிய சீமைக்கருவேலத்தை வெட்டி, மேல்பரப்பைச் சமன் செய்து, கரை பிரிகிற இடங்களில் எண் எழுதிய கல் நட்டால் போதும்.

அதற்கு நேரமும் கூடி வந்தது. 2024 டிசம்பர் முதல் தேதி, ஃபெஞ்சல் புயலில் மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை. அதன்பிறகு ஏரிக்கரையைப் பலப்படுத்தும் பேச்சு எல்லா ஊரிலும் எழுந்தது. மண் கொட்டிக் கெட்டிக்கிற வேலை எங்கே நடந்தாலும், கரையின் தலையை இரண்டு சைக்கிள் எதிரெதிரே போகிற அகலத்துக்கு விட்டால் கரைக்கும் உறுதி. லாரியும் காரும் ஏறாதபடி இரு முனையிலும் கல் நட வேண்டும். மாட்டு வண்டிக்காரர்களுக்கு மட்டும் இடம் விட வேண்டும், அவர்கள் வழி அது.

நெடுஞ்சாலையைக் கடக்கிற இடம்தான் முக்கியம். ஓடைகளுக்காக அந்த ரோட்டின் அடியில் பாலங்கள் கட்டத் தெரிந்தவர்களுக்கு, பக்கத்திலேயே ஆள் நிமிர்ந்து சைக்கிள் ஓட்டிப் போகிற உயரத்தில் இன்னொரு கண் விடத் தெரியாதா? கிழக்குக் கடற்கரைச் சாலையையும் இப்போது நான்கு வழியாக்குகிறார்கள். கழுவேலிக்கும் கடலுக்கும் நடுவில் போகிற சாலை அது. இந்தப் பக்கம் உப்பளம், அந்தப் பக்கம் குப்பம், இரண்டுக்கும் நடுவே பள்ளிக்கூடங்கள். எந்த ஊரில் பிள்ளைகள் சாலையைக் கடக்கிறார்களோ, அந்த ஊர்க் கிராம சபை கீழ்ப்பாலம் வேண்டும் என்று தீர்மானம் போட்டு ஆட்சியரிடம் இப்போதே கொடுக்க வேண்டும். நடுத்திட்டு கட்டி அரளி நட்ட பிறகு கேட்டால் காலம் கடந்துவிடும்.