எழுதுகிறவன் கை: ரம்மிக் கணக்கு குறித்து ஓர் ஆய்வு

பலாப்பழத்தை வெட்டாமலே அதிலுள்ள சுளையை எண்ணிச் சொல்ல நம்மிடம் வழி இருக்கிறது. காம்பைச் சுற்றியுள்ள முள்ளை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்கச் சொல்கிறது கணக்கதிகாரம். காரிநாயனார் இயற்றிய அந்த நூலில் நெல்லுக்கும் நிலத்துக்கும் பொன்னுக்கும் பூசணி விதைக்கும்கூடக் கணக்கு உண்டு. கல்யாண மண்டபத்து மாடியில், ராத்திரி இரண்டு மணிக்கு, என் அத்தை கவிழ்த்து வைத்திருக்கும் பதின்மூன்று சீட்டில் எத்தனை பாயின்ட் இருக்கிறது என்று வெளியிலிருந்து அறிவதற்கு மட்டும் அதில் வழி இல்லை. அக்குறையை நிரப்ப எழுந்ததே இக்கட்டுரை என்க.

ரம்மி ஆடுவது எப்படி என்பது இங்கே பொருளன்று. ஆடத் தெரியாதவர்கள்தான் எங்கள் வீட்டில் அதிகம் ஜெயிக்கிறார்கள். அது தனி ஆய்வுக்கு உரியது. ஆட்டம் முடிந்த பிறகு, அடுத்த சீட்டு விழுவதற்கு முன்பு, தோற்றவர்கள் கையை எண்ணி ஒருவர் நோட்டில் எழுதுகிறாரே, அந்த இரண்டு நிமிஷம்தான் நம் ஆய்வுக் களம். முன்னோர் இதைக் கண்டுகொள்ளவில்லை. 1963-இல் செகந்திராபாத்தில் ஒரு மன்றத்தில் நடந்த போலீஸ் சோதனையில் தொடங்கிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1967 நவம்பரில் தீர்ப்பானது. விழுந்த சீட்டை நினைவில் வைக்க வேண்டும், எதை வைத்துக்கொள்வது எதைப் போடுவது என்று தெரிந்திருக்க வேண்டும், ஆகவே ரம்மி பெரும்பாலும் திறமை சார்ந்த ஆட்டமே என்றார்கள் நீதிபதிகள். நல்ல தீர்ப்பு. ஆனால் கையில் ஐம்பத்தெட்டை வைத்துக்கொண்டு முகம் மாறாமல் "நாற்பத்தெட்டு, எழுதிக்கோ" என்று சொல்வதற்கு என்ன திறமை வேண்டும் என்பதைத் தீர்ப்பு தொடவே இல்லை.

அடிப்படை எளிது. ஆஸ், ராஜா, ராணி, ஜாக்கி ஒவ்வொன்றும் பத்து. எண் சீட்டுக்கு அதன் எண். ஜோக்கருக்கு ஒன்றுமில்லை. எவ்வளவு மோசமான கையானாலும் 80-க்கு மேல் எழுதக் கூடாது. அதற்கு ‘ஃபுல்’ என்று பெயர். தப்பாக ஷோ அடித்தவருக்கும் ஃபுல்தான். ஏன் எண்பது? ஓர் இனத்தின் பதின்மூன்று சீட்டையும் கூட்டிப் பாருங்கள்: இரண்டு முதல் பத்து வரை 54, ஆஸும் மூன்று படச் சீட்டும் 40, ஆக 94. அதாவது ஜோக்கரைத் தள்ளிவிட்டுப் பார்த்தால், கைக்கு வரும் பதின்மூன்று சீட்டின் சராசரி மதிப்பே 94. சீட்டை எடுத்து விரித்த கணத்தில் சராசரி மனிதன் ஏற்கெனவே ஃபுல்லைத் தாண்டித்தான் உட்கார்ந்திருக்கிறான். ஆகவே எண்பது என்பது தண்டனை என்று கருதுவோர் கருத்து ஏற்புடைத்தன்று, அது தள்ளுபடி.

அடுத்தது லைஃப். ஜோக்கர் கலக்காத ஒரு தொடர் கையில் இருந்தால்தான் மற்றதெல்லாம் கழியும். சித்தப்பாவின் கை ஒன்றைச் சான்றாகக் கொள்வோம். கிளாவர் 6, 7, 8. ஆர்ட்டின் 9, 10, அதோடு ஒரு ஜோக்கர். மூன்று ராஜா. மீதி நாலு சீட்டு: ஓர் ஆஸ், ஒரு ராணி, ஒரு 7, ஒரு 2. எதிராளி ஷோ அடித்துவிட்டார். முதல் ஒன்பது சீட்டும் கழிந்து, சித்தப்பாவுக்கு 29. இப்போது அதே கையில் கிளாவர் ஏழு இல்லை, அந்த இடத்தில் இன்னொரு ஜோக்கர் இருக்கிறது என்று வையுங்கள். லைஃப் இல்லை, எதுவும் கழியாது. 14, 19, 30, 29 கூட்டினால் 92, வெட்டினால் 80. ஏழு பாயின்ட் சீட்டைக் கொடுத்துவிட்டுப் பாயின்ட்டே இல்லாத சீட்டை வாங்கியதற்கு ஐம்பத்தோரு பாயின்ட் விலை. ஜோக்கர் வந்தால் சிரிக்கிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கணக்குதான் ஞாபகம் வரும்.

கை சரியில்லை என்று தெரிந்தால் ஸ்கூட் விடலாம். முதல் சீட்டை எடுக்கும் முன் விட்டால் 20, எடுத்த பின் விட்டால் ‘மிடில்’, 40. எடுப்பது என்றால் என்ன என்பதில்தான் சிக்கல். விரல் பட்டாலே எடுத்ததாகும் என்பது அத்தையின் துணிபு. தூக்கிப் பார்த்தால்தான் என்பார் மாமா. பாதி தூக்கி, ஓரத்தை மட்டும் பார்த்துவிட்டு மீண்டும் வைத்த நிகழ்வு ஒன்று எங்கள் குடும்பத்தில் உண்டு. பேசிப் பேசி 30 என்று எழுதி முடித்தார்கள். ரம்மி வரலாற்றில் வேறெங்கும் 30-க்கு ஸ்கூட் விட்டவர் உண்டா என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஆட்டம் 201-க்கு என்கிறோம். 200 என்று ஏன் சொல்வதில்லை? இருபது இருபதாகப் பத்து ஸ்கூட் விட்டவன் 200-இல் நிற்கிறான். இன்னும் உயிரோடு இருக்கிறான். 101 ஆட்டத்தில் ஐந்து ஸ்கூட் விட்டவன் 100-இல் நிற்கிறான். அவனுக்கும் உயிர் உண்டு. ஸ்கூட்டுக்கு 25 போடும் இடங்களிலும் எட்டு ஸ்கூட்டுக்கு அதே 200. எல்லாக் கணக்கிலும் அந்த ஒன்றுதான் ஆளைத் தாங்குகிறது. இதற்கு நம் மரபில் ஒப்புமை தேட வெகுதூரம் போக வேண்டாம். மாடியை விட்டுக் கீழே இறங்கினால் மண்டப வாசலிலேயே மொய் எழுதுகிறார்கள். நூறு வைத்தால் கணக்கு முடிந்துவிடுமாம், உறவு தொடர 101. மொய் நோட்டும் ரம்மி நோட்டும் பெரும்பாலும் ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கப்பட்டவை என்பதும், இரண்டிலும் சண்டை வருவது நோட்டை மறுபடி திறக்கும்போதுதான் என்பதும் ஈண்டு நோக்குக.

181-ஐத் தொட்டவனுக்கு அந்தச் சலுகையும் இல்லை. ஸ்கூட் விட்டாலே 201, அவுட். அவனுக்குக் ‘கம்பல்சரி’, எந்தக் குப்பைக் கை வந்தாலும் ஆடியாக வேண்டும். எழுதுகிறவர் அவன் எண்ணைச் சுற்றி ஒரு வட்டம் போடுவார். அந்த வட்டத்தைப் போடும்போது சித்தப்பா முகத்தில் தெரிகிற கனிவை நான் வேறு எந்தச் சந்தர்ப்பத்திலும் பார்த்ததில்லை.

இனி, ஆய்வின் மையம். கையை யார் எண்ணுவது? தானே எண்ணிச் சொல்ல வேண்டும், பக்கத்தில் இருப்பவர் சரிபார்க்க வேண்டும் என்பது விதி. நடைமுறையில் சரிபார்ப்பு என்பது முழுக்க முழுக்க உறவுமுறையைச் சார்ந்தது. பெரியப்பா "முப்பத்திரண்டு" என்றால் முப்பத்திரண்டு. சீட்டைத் திருப்பிக்கூடக் காட்ட மாட்டார். மச்சான் சொன்னால் இரண்டு பேர் எண்ணுவார்கள், இரண்டு பேருக்கும் இரண்டு விடை வரும், பெரியதை எழுதுவார்கள். அத்தை, தன் கையை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு எல்லார் கையையும் எண்ணி முடித்துவிட்டு, கடைசியில் "எனக்குப் பதினெட்டு" என்று சொல்லியபடியே கட்டில் கலந்துவிடுவாள். எண்ணும் முன் கலைத்தால் ஃபுல் என்று ஒரு சட்டம் எங்களிடம் உண்டு. அத்தைக்கு அது பொருந்துமா என்று கேட்கும் தைரியம் இன்னும் யாருக்கும் வரவில்லை.

மாப்பிள்ளை நிலை தனி. கல்யாணம் ஆகி முதல் தீபாவளி வரை அவர் கையை எண்ணுவதில்லை. அவர் சொல்வதையும் முழுதாக எழுதுவதில்லை. புது மாப்பிள்ளை ஒருவர் நேர்மையாக "எழுபத்தொன்று" என்று சொல்ல, மாமனார் சீட்டை வாங்கிப் பார்த்து, "இதென்ன மாப்பிள்ளை, இந்த ஏழை இங்க சேர்க்கலாமே" என்று அடுக்கி அடுக்கி முப்பத்தாறுக்குக் கொண்டுவந்ததை என் கண்ணால் கண்டேன். நான்கு வருஷம் கழித்து அதே மாப்பிள்ளை "முப்பத்தாறு" என்றார். மாமனார் மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

எண்ணும் முறையிலும் ஆளைப் பிடித்துவிடலாம். யோக்கியர்கள் படச் சீட்டில் ஆரம்பிப்பார்கள்: பத்து, இருபது, முப்பது. மற்றவர்கள் இரண்டில் ஆரம்பித்து, ஐந்து, ஒன்பது, பதினாறு என்று முணுமுணுத்துக்கொண்டே போவார்கள். கேட்கிறவனுக்கு அலுப்புத் தட்டி அடுத்த கட்டைக் கலைக்கத் தொடங்கும் நேரத்தில் இரண்டு ராணி காணாமல் போயிருக்கும்.

எழுதுகிறவரைப் பற்றி. அவரும் ஆட்டக்காரர் என்பதுதான் இந்த அமைப்பின் ஆதிப் பிழை. ஆடாத ஒருவரை எழுத வைப்பதே நியாயம் என்று ஒருமுறை தீர்மானித்து, கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்குகிற அக்கா மகனை உட்கார வைத்தோம். கூலி, ஆட்டத்துக்கு ஒரு ரூபாய். பையன் சொன்னதை அப்படியே எழுதினான். யார் தப்பாகக் கூட்டினாலும் திருத்தினான். பெரியப்பா கையையும் எண்ணினான். ஒரு மணிக்கு அவனைப் பாட்டியிடம் படுக்க அனுப்பிவிட்டார்கள். அவனுக்குத் தூக்கம் வரவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

ஜெயித்தவர் கட்டத்தில் என்ன போடுவது என்பதில் பள்ளிகள் பல. சிலர் முட்டை போடுவார்கள். நான் கோடு போடும் கட்சி. முட்டைக்கு முன்னால் பின்னொரு சமயம் 2 முளைக்கலாம், 8-கூட முளைக்கலாம்; கோட்டின் முன்னால் எதுவும் முளைக்காது. கையை மட்டும் எழுதிக் கடைசியில் கூட்டுவதா, கைக்குக் கை கூட்டிக்கொண்டே போவதா என்பதும் பழைய விவாதம். கூட்டிக்கொண்டே போவதில் யார் எங்கே நிற்கிறார் என்று உடனே தெரியும். ஆனால் மூன்றாவது கையில் நேர்ந்த பிழை, பதினோராவது கை வரைக்கும் வாரிசுரிமைபோல இறங்கிக்கொண்டே வரும். இதற்காகவே காலவரம்பு என்று ஒன்று வைத்தார்கள்: அடுத்த கை போட்டாச்சு என்றால் பழைய கணக்கைப் பேசக் கூடாது. எங்கள் குடும்பத்தில் எழுதப்படாத சட்டங்களுள் மீறப்படாதது இது ஒன்றே.

மூலச் சுவடி ஒன்றைக் கூறி முடிக்கிறேன். முப்பது வருஷத்துக்கும் மேலான ஒரு கல்யாணப் பத்திரிகை. பின்பக்கம் பென்சிலால் நான்கு பத்தி, சித்தப்பாவின் கையெழுத்து. தலைப்பில் பெ, சி, அ, மா என்று முதலெழுத்து மட்டும். ஆட்டம் 201. பெ, சி, அ மூவரும் அவுட். ‘மா’ 194-இல் தப்பி ஜெயித்திருக்கிறது. ஆனால் ‘மா’ பத்தியில் நான்காவது வரியைப் பாருங்கள்: 38-உடன் 29-ஐக் கூட்டி 57 என்று இருக்கிறது. 67 என்றல்லவா இருக்க வேண்டும்? அப்படியானால் கடைசித் தொகை 204. ‘மா’ அவுட்.

‘மா’ யார் என்பதில்தான் பாடச் சிக்கல். மாமா என்று கொண்டால் அது கவனப்பிழை. சித்தப்பா மாமாவுக்கு விட்டுக்கொடுக்கிறவர் அல்லர். மாப்பிள்ளை என்று கொண்டால் அது மரியாதை. மாடி வீட்டுக்காரரும் அன்று ஆடியிருக்கிறார் என்பது அம்மா வாக்கு. அந்தக் காலத்தில் சித்தப்பா அவர் வீட்டில்தான் குடியிருந்தார், இரண்டு மாத வாடகை பாக்கி. மூன்று பாடமும் பொருந்துவதால், ஆசிரியரையே கேட்டுவிடுவது என்று பத்திரிகையை எடுத்துக்கொண்டு போனேன்.

சித்தப்பாவுக்கு எண்பத்திரண்டு வயது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"சித்தப்பா, இங்க 57-னு போட்டிருக்கீங்களே. 67 இல்லையா?"

விரலால் அந்த வரியைத் தொட்டார். அதன் கீழே இருந்த வரியையும் தொட்டார். பத்திரிகையை மடித்து என் கையில் கொடுத்தார்.

"அடுத்த கை போட்டாச்சேடா."