குதிரைத்திறனும் செவிப்புலனும்: பட்ஜெட் டர்போ கார்களின் காற்றுவழி மாற்றம் குறித்த ஓர் ஆய்வு

சம்பளத்தில் கணிசமான பங்கு தவணைக்குப் போய்க்கொண்டிருக்க, வாசலில் செகண்ட் ஹேண்டில் எடுத்த ஃபோக்ஸ்வாகன் போலோ 1.0 டிஎஸ்ஐ நிற்க, கல்யாணப் பேச்சு இன்னும் எடுபடாதிருக்க, ஓர் இளைஞனின் நெஞ்சில் எழும் வினா ஒன்றே: "ஏர் இன்டேக் மாத்துனா பிக்அப் ஏறுங்களாண்ணா?" இவ்வினாவைத் தமிழ் ஆய்வுலகம் இதுகாறும் சீண்டவில்லை. சங்க இலக்கியத்தில் தேர் பற்றி முனைவர் பட்டம் வாங்கியோர் உளர். அத்தேர் எதன் வழியே மூச்சு விட்டது என்று ஆராய்ந்தோர் இலர். அக்குறையைத் தீர்க்கவே இக்கட்டுரை எழுகிறது.

ஆய்வின் வடவெல்லை முன் பம்பர். தென்னெல்லை டர்போவின் வாய். இடைப்பட்ட நிலத்தில் ஏர் பாக்ஸ், ஃபில்டர், ரப்பர் ஹோஸ், கிளாம்ப் ஆகியவை குடியிருக்கின்றன. அப்பாலுள்ள இன்டர்கூலரும் சைலன்சரும் வேற்றுப்புலம்; அவற்றைப் பிறர் ஆய்வாராக. முதன்மைத் தரவுகள், கோவை செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேக்குப் போகும் வழியிலுள்ள டீக்கடைகளிலும், சென்னை ஜி.பி. ரோட்டு ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளிலும் ஒட்டுக்கேட்டுத் திரட்டப்பட்டவை. சான்று வாகனமாகப் போலோவைக் கொண்டதற்குக் காரணம் உண்டு. மூன்று சிலிண்டர், 110 குதிரைத்திறன், 175 நியூட்டன் மீட்டர் என்று 2020-இல் வந்த இந்த இன்ஜின், 2022-இல் போலோ இந்திய உற்பத்தியிலிருந்து விடைபெறும் வரை அதில் இருந்தது. கிடைக்காமல் போன பொருளின் மேல் பக்தி கூடும். பக்தி கூடினால் காணிக்கையும் கூடும்.

முன்னாய்வுகளைச் சுருங்கச் சொல்லிக் கடப்போம். வீணாகப் போகும் புகையைக் கொண்டே உள்ளே வரும் காற்றை அழுத்தலாம் என்று 1905-இல் காப்புரிமை பெற்றவர் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பியூக்கி. 1962-இல் அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர் என்ற கார் டர்போவோடு விற்பனைக்கு வந்தது. இன்ஜின் தட்டாமலிருக்க மெத்தனாலும் தண்ணீரும் கலந்த ஒரு திரவத்தைத் தனித் தொட்டியில் ஊற்றவேண்டும். ஊற்ற மறந்தவர்கள் பலர். ஆக, டர்போ வண்டிக்காரர் பராமரிப்பை மறப்பதும் மேம்பாட்டை மறவாதிருப்பதும் அன்று தொட்டு வரும் மரபு என்று கொள்ள இடமுண்டு.

இனிக் கருதுகோள். "காத்து நல்லா உள்ள போனா பவர் தன்னால வரும்" என்பது டீக்கடைத் தரவுகளில் மிகுதியும் பயின்றுவரும் கூற்று. இதன் முற்பாதி மறுக்கவியலாதது. ஒரு பங்கு பெட்ரோல் முழுதாய் எரிய எடைக் கணக்கில் 14.7 பங்கு காற்று வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஏறத்தாழ 11 கிலோ காற்று; கன அளவில் சுமார் 9,000 லிட்டர். பங்கில் நூறு ரூபாய்க்குப் பெட்ரோல் போடுகிறவர், கூடவே ஒரு தண்ணீர் லாரி கொள்ளளவுக் காற்றை இலவசமாக வாங்கிப்போகிறார் என்பதை உணர்வதில்லை. ஆக்சிலேட்டரை முழுதாக அழுத்தும்போது, தோராயக் கணக்கில், இந்தச் சின்ன இன்ஜின் நொடிக்கு 65 லிட்டர் காற்றுக்கு மேல் இழுக்கிறது.

பிற்பாதியில்தான் வழு. டர்போ இல்லாத இன்ஜினுக்கு வெளிக்காற்றின் அழுத்தமே கதி. வழியில் தடை குறைந்தால் அதற்குச் சிறிதளவாவது நேரடியாகக் கிடைக்கும். டர்போ இன்ஜினில் நடுவே இசியூ என்றொரு கணினி அதிகாரி உட்கார்ந்திருக்கிறார். எந்த நேரத்தில் எவ்வளவு அழுத்தம் என்பதை அவர் முன்பே எழுதிவைத்துவிட்டார். மேனிஃபோல்டில் 200 கிலோபாஸ்கல் வேண்டும் என்பது ஆணை என்று வைத்துக்கொள்வோம். வெளிக்காற்று 101. கம்பெனி ஃபில்டரும் குழாயும் வழியில் 3 தின்றால் டர்போவின் வாயில் 98 நிற்கும். அதை 200 ஆக்க 2.04 மடங்கு அழுத்தவேண்டும். விலையுயர்ந்த இன்டேக் 1 மட்டும் தின்றால் டர்போவின் வாயில் 100. இரண்டு மடங்கே போதும். இரண்டிலும் இன்ஜினுக்குப் போவது அதே 200. மிச்சமான உழைப்பு டர்போவுக்கு. அதிகாரி, புகையை டர்போவில் படாமல் விலக்கிவிடும் கதவாகிய வேஸ்ட்கேட்டைச் சற்றே கூடுதலாகத் திறந்து கணக்கை நேர்செய்துவிடுகிறார். பல ஆயிரம் கொடுத்தவர் வாங்கியது டர்போவுக்கு அரைநாள் விடுப்பு.

இசியூவை ரீமேப் செய்து, அதாவது அதிகாரியின் ஆணைகளையே திருத்தி எழுதி, அதற்கு மேல் பெரிய டர்போவும் மாட்டியவருக்கு இது பொருந்தாது. காற்றோட்டம் இரட்டித்தால் குழாயின் தடை ஏறத்தாழ நான்கு மடங்காகும். அங்கே இன்டேக் உண்மையிலேயே பேசும். ஆனால் அவர் பட்ஜெட் என்ற சொல்லைக் கடந்தவர். நம் எல்லைக்குள் வரார்.

பட்ஜெட்காரருக்குரிய வழிகளை விலையின் இலக்கம் பற்றிப் பகுக்கலாம். மூன்று இலக்கத்தார் கம்பெனிக் காகித ஃபில்டரைப் புதிதாக மாற்றுவோர். நான்கு இலக்கத்தார் அதே ஏர் பாக்ஸுக்குள் எண்ணெய் தடவிய பருத்தி ஃபில்டரை வைப்போர். கழுவித் திரும்பப் பயன்படுத்தலாம் என்பதே இவர்கள் வீட்டில் சொல்லும் நியாயம். (கழுவியபின் எண்ணெயைத் தாராளமாக ஊற்றுவோர் உளர். ஏர் ஃப்ளோ சென்சார் உள்ள வண்டிகளில் அந்த எண்ணெய் சென்சார் கம்பியில் படிந்து, செக் இன்ஜின் விளக்காக மறுபிறவி எடுக்கும்.) ஐந்து இலக்கத்தார் ஏர் பாக்ஸையே கழற்றி எறிந்துவிட்டு, பளபளக்கும் குழாயின் முனையில் கூம்பு வடிவ ஃபில்டரைத் திறந்தவெளியில் மாட்டுவோர். பிற இருவகையார் பானெட்டை மூடிவைப்பர். ஐந்து இலக்கத்தார் திறந்துவைப்பர். ஆய்வுச் சுவை மிக்கவர்கள் இவர்களே.

இவர்களிடம் சக்தி கூடியதற்குச் சான்று கேட்டால் என்ன கிடைக்கிறது? சைவ சித்தாந்தம் ஏற்கும் அளவைகள் மூன்று: காண்டல், கருதல், உரை. உரையளவை எளிது, மாட்டிக்கொடுத்த அண்ணன் "பதினஞ்சு எச்பி ஏறிருக்கும் தம்பி" என்று சொன்னார், பில்லும் அவரே போட்டார். காண்டலளவைக்கு, குதிரைத்திறன் அளக்கும் டைனோவில் ஏற்றவேண்டும். அங்கேயோ ஒரே வண்டியை அடுத்தடுத்து ஓட்டினாலே, இன்ஜின் சூட்டுக்கும் அறையின் சூட்டுக்கும் ஏற்ப அளவு ஓரிரு சதவிகிதம் ஏறி இறங்கும். 110-இல் அது ஓரிரண்டு குதிரை. ஏறியதாகச் சொல்லப்படும் குதிரைகளில் உண்மையானவை எவை, அறையின் சூட்டில் பிறந்தவை எவை என்று பிரிக்க முடியாது. எஞ்சுவது கருதல். புகையைக் கண்டு நெருப்பைக் கருதுவதுபோல், சத்தத்தைக் கேட்டு சக்தியைக் கருதுகிறார்கள். இங்கேதான் ஆய்வாளர் நின்று நிதானிக்க வேண்டியுள்ளது.

கம்பெனிக்காரர் ஏர் பாக்ஸையும் அதையொட்டிய ரெசனேட்டர் அறைகளையும் வைத்தது காற்றை வடிகட்ட மட்டுமன்று, சத்தத்தை விழுங்கவும்தான். அதைக் கழற்றினால் டர்போ சுழலும் சீழ்க்கை, ஆக்சிலேட்டரை விட்டவுடன் "ப்ஷ்ஷ்" என்று டைவர்ட்டர் வால்வு பெருமூச்சு விடும் ஒலி, எல்லாம் வெளியே வருகின்றன. இவை முன்பும் அங்கேயே இருந்தவை, கதவு மூடியிருந்தது. இனிச் சோதனை ஓட்டத்தைக் கவனியுங்கள். சத்தம் கேட்கவேண்டும் என்பதற்காகக் கண்ணாடியை இறக்குகிறார்கள். கண்ணாடி இறங்கியதால் ஏசியை அணைக்கிறார்கள். ஏசி கம்ப்ரசர் இன்ஜினிடமிருந்து அதுவரை இழுத்துக்கொண்டிருந்த சில குதிரைகள் விடுதலையாகின்றன. போதாதற்கு, "ப்ஷ்ஷ்" இன்னொரு முறை வேண்டி வழக்கத்தைவிட அழுத்தி மிதிக்கிறார்கள். வண்டி பாய்கிறது. அண்ணன் சொன்ன பதினைந்து குதிரைகளில் பெரும்பாலானவை இங்கிருந்து வந்தவை என்பதே இவ்வாய்வின் துணிபு. அதே மிதியின் விளைவாக மைலேஜ் குறைவதைப் பெட்ரோல் பங்கின் மேல் சுமத்துவது தனி மரபு.

காதுக்காகக் காசு கொடுப்பதை இழிவென்று நாம் கூறவில்லை. பெருநிறுவனங்களே காதின் அருமையை அறிந்தவை. டர்போ இன்ஜின்கள் வந்தபின் கார்கள் ஊமையாகிவிட்டன என்ற குறை எழவே, பிஎம்டபிள்யூ தன் 2011-ஆம் ஆண்டு எம்5 காரில் இன்ஜின் ஒலியை ஸ்பீக்கர் வழியே உள்ளே ஒலிக்கவிட்டது. ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐயில் கண்ணாடிக்குக் கீழே இன்ஜின் ஒலி எழுப்பவென்றே ஒரு கருவியை வைத்தது. முதலில் செலவுசெய்து சத்தத்தை அடக்குவது, பிறகு செலவுசெய்து சத்தத்தை உண்டாக்குவது. இடையில் குதிரைகளின் எண்ணிக்கையில் மாற்றமில்லை. ஐந்து இலக்கத்தார் அந்த ஜெர்மானியப் பொறியாளர்களின் தோழர்களே. தாம் வாங்கியது இன்னதென்று பொறியாளர்கள் அறிவர், இவர்கள் அறியார் என்பது மட்டுமே வேறுபாடு.

திறந்த கூம்புக்கு வேறொரு வினையும் உண்டு. கம்பெனி மூக்கு, கிரில்லின் பின்னாலிருந்து வெளிக்காற்றை எடுக்கும். கூம்பு, இன்ஜின் அறையின் காற்றையே எடுக்கும். கிண்டி சிக்னலில் மே மாதம் நிற்கும்போது அந்த அறை என்ன சூட்டில் இருக்கும் என்பதை பானெட்டின் மேல் கைவைத்து அறியலாம். காற்று 10 டிகிரி சூடேறினால் அதன் அடர்த்தி சுமார் 3 சதவிகிதம் குறையும். இன்டர்கூலர் ஓரளவு சமாளிக்கும் என்றாலும், அதற்கு முன்னால் டர்போ அழுத்துவதாலேயே காற்று கொதிநீரின் சூட்டைத் தாண்டக்கூடும். நாம் வேறு மேலே சேர்க்கவேண்டுமா?

இதைத் தவிர்க்கவென்று கூம்பைப் பம்பருக்குக் கீழே இறக்கி மாட்டும் ஒரு பள்ளி உண்டு. தத்துவம் சரி, ஊர் தவறு. மழை எச்சரிக்கை வந்தால் வேளச்சேரிக்காரர்கள் காரைக் கொண்டுபோய் மேம்பாலத்தில் நிறுத்தும் நகரம் சென்னை. கம்பெனிக்காரர் மூக்கை உயரத்தில் வைத்தது அழகுக்காக அன்று. தாழ்ந்த மூக்கு ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தால் போதும். தண்ணீர் அழுந்தாது, கனெக்டிங் ராடு வளையும். அதன்பின் வரும் பில் ஆறு இலக்கத்தது, அதற்கு இவ்வாய்வில் வகைப்பாடு இல்லை.

தூசி பற்றியும் ஒரு வார்த்தை. ஏர் ஃபில்டர்களைச் சோதிக்க உலகெங்கும் பயன்படும் தரப்படுத்திய தூசி, அமெரிக்க அரிசோனா பாலைவன மண்ணிலிருந்து தயாரிக்கப்படுவது. மணல் லாரிக்குப் பின்னால் போகும் நம் வண்டிகளின் மூக்கில் ஏறுவது அத்தனை தரப்படுத்தப்பட்டதன்று. நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்று அளவுக்குச் சுழலக்கூடிய கம்ப்ரசர் இறக்கையில் அது மோதுகிறது. காற்றை எளிதாக விடும் ஃபில்டர் தூசியையும் சற்று எளிதாக விடுமோ என்ற ஐயம் நியாயமானது. சற்றே அழுக்கேறிய ஃபில்டர் புத்தம் புதியதைவிட நுணுக்கமாக வடிகட்டும் என்பது இத்துறையின் மெய். ஆகவே வாட்டர் சர்வீஸ் கடையில் வாரந்தோறும் கம்ப்ரசர் காற்றடித்துக் காகிதத்தைக் கிழிப்பதும் பக்தியின் பாற்பட்டதே.

அதற்காக அழுக்கை அப்படியே விடலாகாது. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-இல் இதைச் சோதித்தது. நவீன இன்ஜின்களில், அடைபட்ட ஃபில்டரால் மைலேஜ் குறிப்பிடும்படிக் குறையவில்லை. ஆனால் பிக்அப் குறைந்தது, புது ஃபில்டர் போட்டதும் திரும்பியது. இளைஞன் கேட்ட பிக்அப் இதுதான். அது மூன்று இலக்கத்தில் கிடைக்கிறது. கூடவே ஏர் பாக்ஸின் அடியில் கிடக்கும் காய்ந்த வேப்பிலையை அள்ளி எறியவேண்டும்; டர்போவிலிருந்து போகும் ஹோஸ்களில் விரிசல் உண்டா, கிளாம்புகள் இறுக்கமா என்று பார்க்கவேண்டும், ஏனெனில் டர்போவுக்குப் பின் அழுத்தம் கசிந்தால் எந்த இன்டேக்கும் அதை ஈடுசெய்யாது. சத்தமும் வேண்டும், வீட்டிலும் கேள்வி வரக்கூடாது என்போர் நான்கு இலக்கத்தோடு நிற்கலாம். ஐந்து இலக்கம் செலவிட்டே தீர்வேன் என்பவர் அதை முதலில் ரீமேப்புக்கு வைப்பது முறை, வாரண்டி முடிந்தபின்.

மேலாய்வுக்குரிய களங்கள் பல. ஃபில்டர் ஏன் சிவப்பாக இருந்தால் மட்டுமே சக்தி தருகிறது. பின்கண்ணாடி ஸ்டிக்கர் ஒவ்வொன்றுக்கும் எத்தனை குதிரை. நண்பனின் வண்டியில் அதே இன்டேக் ஏன் வேலை செய்வதில்லை. எதிர்ச்சான்றாகக் கருதத்தக்க ஒரே ஒரு தரவு பீளமேட்டில் கிடைத்தது. புதிதாகக் கூம்பு மாட்டிய வண்டியில் மகன் தன் அப்பாவை ஏற்றிக்கொண்டு அவிநாசி ரோட்டில் மிதித்து, விட்டான். வால்வு பெருமூச்சு விட்டது. அப்பா கண்ணாடிக்கு வெளியே தலையை நீட்டிப் பார்த்தார். "ஏங்கண்ணு, எங்கியோ காத்து எறங்குது பாரு. ஓரங்கட்டி நிறுத்து, டயரப் பாத்துப்போடலாம்."