காகிதமும் ஊறும்

கேள்வி: ஏற்காட்டில் ஒரு மாதம் தங்கினால் போதும், கற்பனை தானாக ஊறும், நீயும் ஓவியனாகிவிடலாம் என்கிறான் நண்பன். நம்பலாமா?
– வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: கற்பனை ஊறுகிறதோ இல்லையோ, காகிதம் ஊறும். அங்குள்ள லேடீஸ் சீட் காட்சிமுனையில் மேகம் இறங்கும் நாளில் நீர்வண்ணம் தீட்டிப் பாருங்கள். ஈரத்தின் மேல் ஈரம் தீட்டுகிறவருக்குக் கொண்டாட்டம். ஒரு பூச்சு காய்ந்தபின் அடுத்ததைப் போடுகிறவர் காபி குடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான். (நல்லவேளை, அங்கே காபிக்குப் பஞ்சமில்லை.)

ஏற்காட்டைத் தாங்கும் சேர்வராயன் மலை காட்சியை மட்டும் தரவில்லை. அங்கே வெட்டியெடுத்த பாக்சைட், அலுமினியத்தின் மூலப்பொருள். எண்ணெய் வண்ணக் குழாய்கள் பெரும்பாலும் அலுமினியம்தான். மலையைப் பார்க்காமலே மலையைப் பிதுக்குகிற ஓவியர்கள் நிறையப் பேர்!

உத்வேகமா? ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரின் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசை ஓவியங்களுக்குப் பனிமலை தேவைப்படவில்லை; ஜாதகக் கட்டமும் கணக்குக் குறிகளும் போதுமாயிருந்தன. 1966-ல் அவர் முன்னின்று உருவாக்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை நிற்க வைத்ததும் குளிர்காற்று அல்ல, ஓவியர்கள் பாத்திக் துணி விற்ற காசு.

ஏற்காட்டுக்கு நிச்சயம் போங்கள். பென்சிலை மறக்காதீர்கள், அது காய வேண்டியதில்லை. நண்பரையும் கூட்டிப் போங்கள், குடை பிடிக்க ஆள் வேண்டும்.