திங்கட்கிழமைக் காய்ச்சல்

நூறு பேர் இருக்கும் ஆபீஸோ, பத்துப் பேர் உட்கார்ந்திருக்கும் கிளையோ, இந்த மேனேஜர் அங்கே கட்டாயம் இருப்பார். வருகைப் பதிவேட்டைப் பஞ்சாங்கம் மாதிரி விரித்து வைத்துக்கொண்டு, யாருக்கு எந்தக் கிழமையில் உடம்பு படுத்துகிறது என்று கணிப்பதுதான் அவருடைய காலை வேலை. விரல் வைத்துப் பதிய இயந்திரம் இருக்கிறது. அதை நம்பாமல் பக்கத்திலேயே நிற்பார். மணி 9.31 ஆகிவிட்டால், "என்னம்மா, மத்தியானச் சாப்பாட்டையும் முடிச்சிட்டே வந்துட்டியா?"

லீவு சொல்லப் போன் செய்பவர்கள் பாடு தனி.

"சார், உடம்பு சரியில்ல சார்."

"குரல் நல்லாத்தானய்யா இருக்கு?"

இதற்குப் பயந்து, போன் செய்யுமுன் தொண்டையைக் கரகரவென்று ஆக்கிக்கொள்ளும் கலை ஆபீஸ் முழுக்கப் பரவிவிட்டது. ஒருநாள் நிஜமாகவே தொண்டை கட்டிய பையன் பேசினான். "நடிப்பெல்லாம் என்கிட்ட வேணாம் தம்பி, கிளம்பி வா" என்று பதில் வந்தது.

1947ஆம் வருஷத்துக் கடைகள், நிறுவனங்கள் சட்டப்படி வருஷத்துக்கு 12 நாள் நோய் விடுப்பு உண்டு. அந்தப் பன்னிரண்டும் தன் சட்டைப் பையிலிருந்து போவதாகவே அவருக்கு நினைப்பு. அவர் லீவே எடுத்ததில்லை. 103 டிகிரி ஜுரத்தோடு வந்து மார்ச் மாதக் கணக்கை முடித்த கதையை மீட்டிங்தோறும் சொல்வார். சொல்லும்போதெல்லாம் ஜுரம் அரை டிகிரி ஏறும். அதே ஜுரம் ஏப்ரல் முதல் வாரத்தில் நாலு பேரைப் படுக்கவைத்த கதை மட்டும் மீட்டிங்கில் வராது.

ராத்திரி பதினோரு மணிக்கு வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வரி போடுவார்: "நாளைக்குப் பேசலாம்." யாரிடம், எதைப் பற்றி என்று இருக்காது. போட்டுவிட்டு அவர் குறட்டை விடுவார். மற்றவர்கள் விடியும்வரை விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மேஜை டிராயர்களைத் திறந்தால் பேனாவைவிட அல்சர் மாத்திரை அதிகம். கீழ்த்தளத்து மெடிக்கல் ஷாப்காரர் ரிவ்யூ மீட்டிங் தேதியை முன்கூட்டியே விசாரித்து ஜெலுசில் வாங்கி அடுக்குகிறார். மேனேஜர் நீடூழி வாழவேண்டும் என்று மனதார வேண்டிக்கொள்ளும் ஒரே ஜீவன் அவர்தான்.

இது நம் ஊர்க் கூத்து மட்டுமில்லை. ஸ்டாக்ஹோம் பக்கத்தில் வேலை பார்த்த மூவாயிரத்துச் சொச்சம் ஆண்களைச் சுமார் பத்து வருஷம் கவனித்து 2009இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். மேலதிகாரி நல்லவர் என்று சொன்னவர்களுக்கு மாரடைப்பு குறைவு. அதே இடத்தில் எவ்வளவு காலம் வேலை பார்த்தார்களோ அவ்வளவுக்கு அந்தத் தொடர்பு வலுத்ததாம். நம்மவரிடம் இதைச் சொன்னால், "ஸ்வீடன்ல குளிரு, அதான்" என்பார்.

ஆள் வராததற்குக் காரணம் கண்டுபிடிக்க அவர் பாடுபடவில்லை என்று சொல்லிவிட முடியாது. தண்ணீர் கேனை மாற்றினார். ஏசியைக் கழுவச் சொன்னார். கேன்டீன் வடையின் எண்ணெயை முகர்ந்து பார்த்தார். மன அழுத்தத்தைப் போக்க ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குத் தியான வகுப்பு வைத்து, வராதவர்களுக்கு மெமோ கொடுத்தார். கடைசியில் பழியைக் கொசு மேல் போட்டு, ஒரு சனிக்கிழமை ஆபீஸ் முழுக்கப் புகை அடித்தார்.

மறுநாளே ஹெட் ஆபீஸ் அவரைத் தலைமைப் பண்புப் பயிற்சிக்காக மகாபலிபுரம் அனுப்பியது. அந்த ஐந்து நாளும் ஒருத்தர்கூட மட்டம் போடவில்லை. முதுகுவலி என்று லீவு சொல்லும் ஒருவர் ஆறு மணி தாண்டியும் உட்கார்ந்து, ஜனவரியிலிருந்து ஒட்டாமல் கிடந்த கணக்கை ஒட்டவைத்தார்.

திரும்பி வந்தவர் பதிவேட்டைப் புரட்டினார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு தடவை புரட்டினார். உடனே ஹெட் ஆபீஸுக்குக் கடிதம் பறந்தது: கொசு ஒழிப்பால் வருகை நூறு சதவீதம், இத்திட்டத்தை எல்லாக் கிளைகளுக்கும் பரிந்துரைக்கிறேன்.

பதினைந்தே நாளில் பதில் வந்துவிட்டது. திட்டம் ஏற்கப்பட்டது, ஒவ்வொரு கிளைக்கும் அவரே நேரில் போய், ஒரு மாதம் தங்கி, மேற்பார்வை பார்க்க வேண்டும். சேதி கேட்டு மெடிக்கல் ஷாப்காரர் மட்டும் அன்றைக்குச் சீக்கிரம் கடையைச் சாத்திவிட்டுப் போனாராம்.