மணி பிளாண்ட் களவியல்

இறையனார் பெயரில் வழங்கும் களவியல் காதலைப் பற்றியது. இந்தக் களவியல் அசல் திருட்டைப் பற்றியது. நூலகர்கள் இரண்டையும் ஒரே அலமாரியில் அடுக்கிவிடும் அபாயம் இருப்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

“மணி பிளாண்டைக் கேட்டு வாங்கி வைத்தால் வராது, திருடி வைத்தால்தான் வரும்.” இந்தப் பாட்டி வாக்குதான் ஆய்வுப் பொருள். களம், வேளச்சேரியில் பன்னிரண்டு வீடு கொண்ட எங்கள் அடுக்ககம். காலம், மின்தூக்கி பழுதாகிக் கிடந்த ஒன்றரை வருஷம். மின்தூக்கி ஓடியிருந்தால் இந்த ஆய்வே நடந்திருக்காது. படியில் ஏறி இறங்குகிறவன் கண்ணில்தான் அடுத்தவர் வாசல் படும்.

பெயரிலேயே சிக்கல் தொடங்குகிறது. தமிழில் மணி என்று எழுதிய உடனே கோயில் மணி, நெல்மணி, கண்மணி, கடிகாரத்து மணி, இரண்டாம் மாடி மணி சார் எல்லோரும் வரிசையில் வந்து நிற்கிறார்கள். காசு மட்டும் வருவதில்லை. செடியை வைத்தவர்களின் அனுபவமும் அதுவே. தாவரவியலார் பட்ட பாடும் குறைந்ததல்ல. 1880-இல் பொத்தோஸ் ஆரியஸ் என்றார்கள். பொத்தோஸ் என்பது இலங்கையில் ஒரு கொடிக்குச் சிங்களத்தில் வழங்கும் ‘போத்தா’ என்ற பெயரிலிருந்து லின்னேயஸ் எடுத்துக்கொண்டது. பிறகு சிந்தாப்சஸ் ஆயிற்று, ராஃபிடோஃபோரா ஆயிற்று, 1964-இல் எபிப்ரெம்னம் ஆரியம் என்று நிலைத்தது. ஆரியம் என்றால் இங்கே பொன்னிறம். யாரும் சண்டைக்கு வர வேண்டாம். சொந்த ஊர் பசிபிக் கடலில் தாஹிட்டிக்குப் பக்கத்திலுள்ள மூரியா தீவு.

தொல்காப்பியத்தைப் பார்க்கலாமென்றால், உள்ளே வைரம் பாய்ந்தது மரம், வெளியே வைரம் பாய்ந்தது புல் என்று அது பிரித்துவிடுகிறது. மணி பிளாண்டுக்கு உள்ளேயும் வைரமில்லை, வெளியேயும் இல்லை. ஓரறிவு உயிர் என்ற வகையில் மட்டும் சேர்க்கலாம். அதையும் இந்தக் கட்டுரை முடிவதற்குள் மறுபரிசீலனை செய்ய நேரலாம்.

அடுக்ககத்தார் சேர்ந்து செடி வளர்த்த குழுப்பணியின் தோற்றுவாய் அமெரிக்காவில் இருக்கிறது. நான்காம் மாடி சார் ஓய்வுபெற்ற பொறியாளர். மகளின் பிரசவத்துக்காக ஆறு மாதம் அங்கே போயிருந்தவர், பேரப்பிள்ளை தூங்கும் நேரத்தில் பக்கத்துத் தெருவில் ஆப்பிரிக்க வயலட் வளர்ப்போர் கூட்டத்துக்குப் போகத் தொடங்கினார். அது வயலட் இனமே அல்ல. தான்சானியாவின் உசம்பரா மலைப்பக்கம் 1892-இல் வால்ட்டர் ஃபொன் செயின்ட் பால் என்ற ஜெர்மானிய அதிகாரி கண்டெடுத்து ஊருக்கு அனுப்பியது. அவர் பெயரால் செயின்ட்பாலியா என்று வழங்கி, இப்போது ஸ்ட்ரெப்டோகார்பஸ் வீட்டுக்கு மருமகளாகப் போய்விட்டது. அமெரிக்கர்கள் அதற்காக 1946-இல் சங்கமே கண்டார்கள்.

அந்த வயலட்டில் தொங்கு ரகம் ஒன்று உண்டு. சாதா வயலட்டுக்கு இலைக் கொண்டை ஒன்றுதான் இருக்க வேண்டும். இரண்டாவது தலைகாட்டினால் கிள்ளிப்போடுவார்கள். தொங்கு ரகத்தைக் கண்காட்சியில் வைக்கவோ குறைந்தது மூன்று கொண்டை வேண்டும். அதற்காக நுனியைக் கிள்ளிப் பக்கக் கிளை விடச்செய்வது, அந்தக் கிளைகளைக் கொண்டை ஊசியால் மண்ணோடு சேர்த்துக் குத்துவது, ஆழமில்லாத அகலச் சட்டியில் நாலாபுறமும் ஒரே சீராகப் படரவிடுவது என்று மாதக்கணக்கில் வேலை இருக்கிறது. ஒரே செடியின் இலையை ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொண்டு, வருஷம் கழித்து எல்லோரும் தத்தம் சட்டியைத் தூக்கிவந்து ஒரே மேசையில் வைத்து, யாருடையது வழுக்கை, யாருடையது அடர்த்தி என்று பார்ப்பார்களாம். சாருக்கு அந்த மேசை நெஞ்சிலேயே நின்றுவிட்டது. பேரன் முகத்தைவிட அதைப் பற்றித்தான் அதிகம் பேசினார்.

வந்த கையோடு ஊட்டியிலிருந்து மூன்று வயலட் தொட்டி வரவழைத்தார். அதற்கு 18 முதல் 27 டிகிரி வரை ஒத்துக்கொள்ளும். மே மாதம் வேளச்சேரி நாற்பதைத் தொட்டது. மூன்றும் வடித்த கீரை மாதிரி படுத்தன. மாலை மொட்டைமாடியில் கூடிய பொதுக்குழு, தொங்க வேண்டும், சாகக் கூடாது, காசு செலவாகக் கூடாது என்ற மூன்று தகுதிகளை வகுத்து மணி பிளாண்டை ஏகமனதாகத் தேர்ந்தெடுத்தது. தாய்ச்செடி, முதல் மாடி மாமியின் ஜன்னல் கம்பியில் ஹார்லிக்ஸ் பாட்டிலிலிருந்து கிளம்பி, பால்காரர் பை மாட்டும் கொக்கி வரை போயிருந்த கொடி.

இங்கேதான் வரலாற்றுப் பிழை நேர்ந்தது. ஆப்பிரிக்க வயலட்டில் ஓர் இலையைக் காம்போடு கிள்ளி மண்ணில் செருகினால் போதும். சில வாரங்களில் காம்படியில் குட்டிகள் முளைத்துவிடும். சார் அந்த ஞானத்தோடு மாமியின் கொடியிலிருந்து பதினோரு இலைகளைக் காம்போடு கத்தரித்து, பஞ்சால் துடைத்து, எண் எழுதிய சீட்டோடு பதினோரு வீட்டுக்கும் கொடுத்தார். கையெழுத்துக்கூட வாங்கினார். எனக்கு எட்டாம் எண் இலை.

இலை வாடவில்லை. அதுதான் கொடுமை. ஒரு மாதம், இரண்டு மாதம், நான்கு மாதம் பாட்டிலில் பச்சையாக, பளபளப்பாக, கூட்டத்துக்கு வந்து வாயைத் திறக்காத உறுப்பினர் மாதிரி நின்றது. சிலர் வீட்டில் வேர்கூட விட்டது. துளிர் மட்டும் விடவில்லை. சார் வாராவாரம் அளவுநாடாவோடு வந்து உயரம் குறித்துக்கொண்டு போனார். உயரம் மாறாததால் அவருடைய வரைபடம் அடிக்கோடு போட்டது மாதிரி இருந்தது.

தீர்ப்பு வாட்ச்மேன் தாத்தாவிடமிருந்து வந்தது. வந்தவாசிப் பக்கம் கரும்பு போட்டவர். என் பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தார்.

“கணு எங்க சார்?”

“இலை இருக்கே தாத்தா.”

“இலை இருந்தா? தோகையை நட்டா கரும்பு வருமா?”

பிறகு மாமியின் கொடியருகே கூட்டிப்போய்க் காட்டினார். காம்பு தண்டில் சேரும் இடத்தில் மோதிரம் போட்டது போல ஒரு வளையம். அதையொட்டிப் பழுப்பாக உளுந்தளவு ஒரு முட்டு; அதுதான் வேருக்கு உரியது. காம்பின் கக்கத்தில், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும், மொட்டு உறங்குகிறது. இந்த ஓர் அங்குலத்தை விட்டுவிட்டு வெட்டிய இலை சாகும்வரை இலையாகவே இருக்கும். வயலட்டின் நியதி வயலட்டோடு போயிற்று. நான்காம் மாடி சார் ஒரு வாரம் மொட்டைமாடிக்கு வரவில்லை.

இதற்கிடையில் மூன்றாம் மாடி அக்கா வீட்டு பாட்டிலில் மட்டும் கொடி இரண்டு முழம் போயிருந்தது. அதே தாய்ச்செடி, அதே மெட்ரோ தண்ணீர். தரவு பிசகுகிறதே என்று விசாரித்ததில், அவர் சார் கொடுத்த இலையை ரசத்தில் விழுந்த பல்லியைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டு அன்றே போட்டுவிட்டாராம். மறுநாள் இரவு குப்பை கொட்ட இறங்கும்போது மாமியின் கம்பியிலிருந்து கைக்கு வந்ததைச் சடக்கென்று ஒடித்து முந்தானையில் மறைத்துக்கொண்டு ஏறியிருக்கிறார். பதற்றத்தில் ஒடித்ததில் மூன்று கணு வந்திருக்கிறது.

ஆக, பாட்டி வாக்கின் பொறிமுறை விளங்கிவிட்டது. கொடுக்கிறவர் தம் செடி கெடாமல், கத்தரிக்கோலும் கையுமாக, கண்ணுக்கு அழகான ஓர் இலையைக் கொடுக்கிறார். திருடுகிறவருக்குத் தேர்ந்தெடுக்க நேரமில்லை, தண்டோடு பிய்க்கிறார். நாகரிகம் இலையைக் கொடுக்கிறது, களவு கணுவைக் கொண்டுபோகிறது.

உயிரியலும் கள்வர் பக்கமே நிற்கிறது. இந்தச் செடி பூப்பதே இல்லை. 2016-இல் வெளியான ஓர் ஆய்வு காரணத்தைக் கண்டுபிடித்தது: பூப்பதற்கு வேண்டிய கிப்பரெல்லின் என்ற ஊக்கியைச் சுரக்கச் செய்யும் மரபணு ஒன்று இதில் சரியாக வேலை செய்வதில்லை. தானாகப் பூத்ததாகக் கடைசியாகப் பதிவானது 1964. ஊக்கியை வெளியிலிருந்து தெளித்தால் பூக்கிறதாம். பூவில்லை என்றால் விதையில்லை. விதையில்லை என்றால் காற்றும் காக்கையும் பரப்ப வழியில்லை. மூரியா தீவிலிருந்து மாமியின் ஜன்னல் வரை இது வந்தது கைமாறிக் கைமாறித்தான். மற்ற செடிக்குத் தேனீ எப்படியோ, மணி பிளாண்டுக்குத் திருடும் அண்டை வீட்டார் அப்படி. தேனீக்குத் தேன், நமக்குக் காசு வரும் என்ற ஆசை. இதை ஓரறிவு என்று சொல்ல எனக்குத் தயக்கமாக இருக்கிறது.

புறத்திணை ஆய்வாளருக்கு இங்கே ஒரு சங்கடம் உண்டு. ஆநிரை கவர்ந்தால் வெட்சி, மீட்டால் கரந்தை. கவர்பவர் வெட்சிப் பூச் சூடிப் போவர். பூக்காத செடியைக் கவர்பவர் எதைச் சூடுவது, திணைக்கு என்ன பெயர் வைப்பது? இது முனைவர் பட்டத்துக்கு உரிய கேள்வி; நான் ஒதுங்கிக்கொள்கிறேன்.

கணுவோடு தொடங்கும் இரண்டாம் சுற்றுக்கு முன் சட்டமும் பார்க்க வேண்டியிருந்தது. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 378-ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 303, திருட்டை வரையறுக்கும்போது செடியை மறக்கவில்லை. பூமியோடு ஒட்டியிருக்கும்வரை ஒரு பொருளைத் திருட முடியாது. அதிலிருந்து பிரித்த கணத்தில் அது திருட்டுக்குத் தகுதி பெறுகிறது. பிரிக்கும் செயலே நகர்த்தும் செயலாகவும் இருந்தால் அதுவும் திருட்டாகலாம். மூன்றாம் மாடி அக்கா வெலவெலத்துப் போனார். ஆனால் மாமியின் செடி பூமியில் எங்கே இருந்தது? ஹார்லிக்ஸ் பாட்டிலில் தண்ணீரில் இருந்தது. மணி சார் வேறொரு நுட்பம் எடுத்துவிட்டார்: உடைமையாளர் சம்மதித்தால் திருட்டாகாது, திருட்டாகாவிட்டால் செடி வராது, ஆகவே எல்லோரும் திருடலாம் என்று தீர்மானம் போட்டால் ஒருவருக்கும் வராது. இதன்மேல் விவாதம் இரவு பத்தரைக்கு நுளம்புக்கடியால் முடிந்தது. (கொசு என்றே எழுதியிருக்கலாம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஐந்தாம் மாடியில் இருப்பவர் ‘நுளம்பு’ என்றுதான் சொல்வார், எனக்கும் தொற்றிக்கொண்டது.)

கடைசியில் யாரும் தீர்மானம் போடவில்லை. ஆனால் அந்த வாரம் படிக்கட்டு விளக்கு இரண்டு நாள் எரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை பார்த்தால் எல்லோர் பாட்டிலிலும் கணுவோடு தண்டு இருந்தது. யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. என்னுடையது எங்கிருந்து வந்தது என்பதை ஆய்வு அறம் கருதி இங்கே பதிவு செய்யவில்லை.

கொடியைப் பழக்குவதில் இரண்டு கட்சி உண்டாயிற்று. தொங்கவிடும் கட்சிக்குச் சார் தலைவர். வயலட் நினைவு அவரை விடவில்லை, நுனி கிள்ளுவதும் கொண்டை ஊசி குத்துவதுமாக இருந்தார். ஏற்றும் கட்சிக்கு மாமி. கொடி கீழே இறங்கினால் காசும் இறங்கும் என்பது வாஸ்து. இதில் தாவரவியல் மாமி பக்கம் சாய்கிறது என்பதை வருத்தத்தோடு ஒப்புக்கொள்கிறேன். தொங்கும்போது இலை சிறுத்துக்கொண்டே போகும். பற்றி ஏறக் கிடைத்தால் பெருக்கும். காட்டில் மரமேறிய கொடியின் இலை ஒரு மீட்டர் வரை போவதும், ஓரம் கிழிந்து வேறு செடி போலத் தெரிவதும் உண்டு. பழைய பங்களாத் தோட்டத்துத் தென்னையில் முறம் முறமாகத் தொங்குகிறதே, அது நம் ஹார்லிக்ஸ் பாட்டில் சங்கதிதான். வெல்ல முடியாமல் போன சார், 1989-இல் நாசா வெளியிட்ட ஆய்வைக் காட்டி, இது காற்றைச் சுத்தம் செய்யும் என்று பேச்சை மாற்றினார். மணி சார் விடவில்லை. ஜன்னலைத் திறந்துவைத்த அளவுக்குச் சுத்தம் கிடைக்க ஒரு சதுர மீட்டருக்குப் பத்து முதல் ஆயிரம் செடி வரை வேண்டும் என்று 2019-இல் கணக்குப் போட்டுவிட்டார்கள். ஆயிரம் செடி வைத்தால் மணி சார் எங்கே உட்காருவார் என்பதற்குப் பதில் இல்லை.

எல்லாம் கூடிவந்து, மேசை போடும் நாள் குறித்த வாரம் கொசு ஒழிப்புப் பணியாளர்கள் வந்தார்கள். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்க ஏழெட்டு நாள் போதும். தண்ணீர் மாற்றாத மணி பிளாண்ட் பாட்டில் அதற்குப் பிரசவ விடுதி. டார்ச் அடித்துப் பார்த்தார்கள். ஆறு வீட்டில் புழு நெளிந்தது. அத்தனை பாட்டிலும் வாசலில் கவிழ்ந்தன. சார் வீட்டு பாட்டில் தப்பியது. வியாழன்தோறும் தண்ணீர் மாற்றி நோட்டில் டிக் போட்டிருந்தார். மாமியின் ஹார்லிக்ஸ் பாட்டில் காலியாக நின்றது. புழுவினால் அல்ல. அவருடைய கொடியை அதற்கு முன்பே நாங்கள் பதினோரு வீடும் கணு கணுவாகத் தீர்த்திருந்தோம்.

மறுநாள் மாலை மாமி காலி பாட்டிலோடு மூன்றாம் மாடிக்கு ஏறினார். நான் படியில் பின்னாலேயே போனேன். ஆய்வாளன் என்ற முறையில்.

“ஒரு துண்டு குடேன்மா. தாய்ச்செடியே போயிடுத்து.”

அக்கா வாசற்கம்பியில் சுற்றியிருந்த கொடியைப் பார்த்தார், மாமியைப் பார்த்தார்.

“குடுத்தா வராது மாமி, உங்களுக்குத் தெரியாததா? அடுப்புல பால் வச்சிருக்கேன், தோ வந்துடறேன்” என்று உள்ளே போனார். கதவைச் சாத்தவில்லை.

மாமி என் பக்கம் திரும்பி, “நீ அங்க சுவரைப் பார்த்துக்கோப்பா” என்றார்.