சுவரில் தொங்கும் மருந்தாளுநர்

புதுச்சேரியில் அரசுப் பதிவு பெற்றவர்களிலேயே மிக ஒழுக்கமான ஆள் யார் என்று கேட்டால், மெடிக்கல் ஷாப் சுவரில் மாட்டியிருக்கும் பார்மசிஸ்ட் என்று யோசிக்காமல் சொல்வேன். அவர் லீவு எடுப்பதில்லை. டீ குடிக்கப் போவதில்லை. தீபாவளிக்கு போனஸ் கேட்பதில்லை. மணக்குள விநாயகர் படத்துக்கும் அன்னை படத்துக்கும் நடுவே, பதிவுச் சான்றிதழின் மூலையில் பாஸ்போர்ட் சைஸ் போட்டோவாக ஒட்டிக்கொண்டு, காலை ஷட்டர் ஏறியதிலிருந்து ராத்திரி இறங்கும் வரை வைத்த கண் வாங்காமல் கடையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். மருந்து விதிகள் கேட்கும் 'நேரடி மேற்பார்வை' இதுதான் என்று நம் அதிகாரிகள் முடிவு செய்து வெகுகாலம் ஆகிறது.

படத்தில் தலை நிறைய முடி இருக்கும். அசல் ஆளுக்கு இப்போது வழுக்கை விழுந்திருக்கலாம், யார் கண்டது? ஒருவர் மருந்து கம்பெனியில் ரெப்பாகச் சுற்றுகிறார், இன்னொருவர் வளைகுடாவில் இருக்கிறார், மூன்றாமவர் ரியல் எஸ்டேட்டில் கொடிகட்டிப் பறக்கிறார். மாதம் பிறந்தால் சான்றிதழ் வாடகை மட்டும் அக்கவுண்டில் ஏறிவிடும். வீட்டை வாடகைக்கு விட்டால்கூட ஒட்டடை அடித்து வெள்ளையடித்துத் தரவேண்டும், சான்றிதழுக்கு அந்தச் செலவும் கிடையாது.

எல்லாக் கடையும் இப்படி இல்லை. வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு, டாக்டரின் கோழிக் கிறுக்கலை வெளிச்சத்தில் பிடித்துப் படித்து, சந்தேகம் வந்தால் டாக்டருக்கே போன் போட்டுத் திட்டு வாங்கும் மருந்தாளுநர்களும் இந்த ஊரில் உண்டு. அவர்களுக்கு இந்த வாடகைக்காரர்கள் மேல் என்னைவிட அதிகக் கோபம் இருக்கும்.

முத்தியால்பேட்டைப் பக்கம் ஒரு கடை. சாயங்காலம் ஏழு மணி. கவுண்டருக்குள் இருப்பவனுக்கு இருபது வயது இருந்தால் அதிகம். மீன் விற்று முடித்துக் கூடையோடு வருகிறார் ஒரு அம்மா.

"தம்பி, ரெண்டு நாளா ஜொரம். ஒடம்பெல்லாம் அட்ச்சிப் போட்ட மாதிரி கீது. ஒரு செட்டு குடு."

"சளி கீதாக்கா?"

"கீது."

"மூணு வேளைக்கா, ரெண்டு வேளைக்கா?"

"எவ்ளோ ஆவும்?"

"மூணு வேளைக்கு அறுவது."

"ரெண்டு வேளைக்கே குடு."

முடிந்தது வைத்தியம். நோயைக் கண்டறிந்தது நோயாளி, மருந்தைத் தீர்மானித்தது பையன், அளவைத் தீர்மானித்தது முந்தானையில் முடிந்திருந்த காசு. பையன் கத்தரிக்கோலை எடுத்தான். ஒரு ஸ்ட்ரிப்பில் பாரசிட்டமால், ஒன்றில் வலி மாத்திரை, ஒன்றில் சளிக்கு, ஒன்றில் ஆன்டிபயாடிக். காலாவதித் தேதி ஒரு துண்டில், பேட்ச் எண் இன்னொரு துண்டில், பெயர் பாதி அங்கே பாதி இங்கே. கடைசியாக டப்பாவிலிருந்து குட்டியாய் ஒரு வெள்ளை மாத்திரை. எல்லாம் ஒரு காகிதக் கவருக்குள் போனது.

"அந்தக் குட்டி மாத்திரை எதுக்குப்பா?" என்று கேட்டேன்.

"அது பவருக்கு சார்."

பவர் என்பது டெக்சாமெத்தசோன். ஸ்டீராய்டு. போட்ட ரெண்டு மணி நேரத்தில் வலி பறந்துவிடும், அந்தக் கடை 'கைராசிக் கடை' ஆகிவிடும். சர்க்கரை ஏறுவதும் எதிர்ப்புச் சக்தி குறைவதும் மாதக்கணக்கில் தின்றவருக்கு முகம் ஊதுவதும் கடைக்கு வெளியே, வேறு ஏதோ ஆஸ்பத்திரியில், வேறு ஏதோ கணக்கில் நடக்கும். இரண்டு வேளை ஆன்டிபயாடிக்கால் கிருமி சாகாது, பாடம் படித்துக்கொள்ளும். ஆன்டிபயாடிக் அட்டையில் சிவப்புக் கோடு போட்டு, சீட்டில்லாமல் வாங்காதீர்கள் என்று மத்திய அரசு 2016இல் பிரசாரம் செய்தது. பையனின் கத்தரிக்கோல் பெரும்பாலும் அந்தக் கோட்டின் மேல்தான் ஓடுகிறது.

பையன் மேல் எனக்குக் கோபமில்லை. அவன் பார்மசி படிக்கவில்லை, படித்ததாகச் சொல்லவும் இல்லை. பத்து மணி நேரம் நின்று முதலாளி சொன்னதைச் செய்கிறான். கோபமெல்லாம் அவன் நிற்கும் இடத்தில் நிற்க வேண்டியவரைப் படமாக்கி மாட்டியவர்கள் மேலும், மாட்டியதைப் பார்த்து டிக் அடித்துவிட்டுப் போகிறவர்கள் மேலும்தான்.

அங்கே நிற்க வேண்டியவருக்கு என்ன பெரிய வேலை, மாத்திரை எடுத்துக் கொடுக்க ஒரு பட்டமா என்று கேட்கும் புத்திசாலிகள் உண்டு. மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் என்று ஒரு மாத்திரை எழுதுவார்கள். வாரத்துக்கு ஒரு நாள் போடவேண்டியது. சீட்டில் தவறியோ, கடையில் பழக்கதோஷத்தில் 'டெய்லி ஒண்ணு' என்று சொல்லியோ தினமும் போட்டால் எலும்பு மஜ்ஜை அடங்கி ஆள் போய்ச் சேரலாம். உலகம் முழுக்கப் போயிருக்கிறார்கள். ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடும் பெரியவர் முழங்கால் வலிக்கு மாத்திரை கேட்டு வந்தால் கொடுக்காமல் திருப்பி அனுப்புவது, குழந்தையின் எடை கேட்டு சிரப்பின் அளவைச் சொல்வது, இரண்டு டாக்டர்கள் இரண்டு பெயரில் எழுதியது ஒரே மருந்துதான் என்று கண்டுபிடிப்பது, இதெல்லாம் அந்த ஆளின் வேலை. டாக்டரின் பிழை நோயாளியின் வாய்க்குப் போகுமுன் இருக்கும் கடைசிக் கண் அது. நம் ஊரில் அந்தக் கண்ணுக்குக் கண்ணாடி போட்டு ஆணியில் மாட்டியிருக்கிறோம்.

சட்டம் இல்லாமலா? ஏகத்துக்கும் இருக்கிறது. 1948ஆம் ஆண்டு மருந்தாளுநர் சட்டத்தின் 42ஆம் பிரிவு, பதிவு பெற்ற மருந்தாளுநர் தவிர வேறு யாரும் டாக்டர் சீட்டுக்கு மருந்து கொடுக்கக் கூடாது என்கிறது. 2015இல் வந்த விதிமுறைகள் இன்னும் ஒரு படி மேலே போய், வெள்ளைக் கோட்டு போடு, அதில் பெயரும் பதிவு எண்ணும் தெரியும்படி வில்லை குத்து என்கின்றன. செஃபிக்சிம் போன்ற ஆன்டிபயாடிக்குகளை எச்-1 பட்டியலில் சேர்த்து, யாருக்குக் கொடுத்தாய், எந்த டாக்டர் எழுதினார் என்று தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் பாதுகாக்கச் சொல்லி 2014 முதல் உத்தரவு. பதிவேடு பத்திரமாகத்தான் இருக்கிறது. பல கடைகளில் அதன் மேல் எறும்புப் பவுடர் டப்பா இருக்கிறது.

மருந்தாளுநர் இல்லாமல் மருந்து கொடுத்தால் தண்டனை, அதிகபட்சம் ஆறு மாதச் சிறை அல்லது ஆயிரம் ரூபாய் அபராதம் என்று இருந்தது. ஒரு பெட்டிக்கடைகூட நடுங்காத தொகை. 2023இல் 'ஜன் விஸ்வாஸ்' சட்டம் வந்தது. மக்கள் நம்பிக்கைச் சட்டமாம். அபராதத்தை இரண்டு லட்சமாக்கினார்கள், மகிழ்ச்சி. அதே கையோடு ஆறு மாதச் சிறையை மூன்றாகக் குறைத்தார்கள். சிறையிலும் ஆடித் தள்ளுபடி! அத்தோடு விட்டார்களா? தரக்குறைவான மருந்து உள்பட மருந்துச் சட்டத்தின் 27(டி) பிரிவில் வரும் குற்றங்களைப் பணம் கட்டிச் சமரசமாக முடித்துக்கொள்ளவும் வழி செய்தார்கள். போலி மருந்துக்கும் கலப்பட மருந்துக்கும் இது பொருந்தாது, பதற வேண்டாம் என்று விளக்கமும் கொடுத்தார்கள். அதாவது, மாத்திரையில் இருக்கவேண்டியது இல்லாமல் போனால் பேசித் தீர்த்துக்கொள்ளலாம். சுகவீனமாய்க் கிடப்பவன் யாரோடு பேசித் தீர்ப்பான் என்று கேட்கக் கூடாது. மக்களுக்கு நம்பிக்கை வேண்டும்.

எங்கள் தெருவில் ஒரு சொல்தா பெரியவர் இருக்கிறார். பிரெஞ்சு ராணுவ பென்ஷன், மகள் பாரிசில். வருடம் ஒருமுறை போய் வருவார். போன முறை அங்கே தொண்டை கட்டிக்கொண்டதாம். மருந்துக் கடைக்குப் போய் ஆன்டிபயாடிக் கேட்டிருக்கிறார். கடைக்கார அம்மாள் சீட்டு எங்கே என்றாராம். ஐந்து நிமிடம் உட்காரவைத்துக் கேள்வி மேல் கேள்வி கேட்டு, கொப்பளிக்க ஏதோ கொடுத்து அனுப்பிவிட்டாராம். "இன்னா நாடு அது! நம்ம ஊர்ல மூலைக் கடைல கேட்டா பையன் ரெண்டு செகண்ட்ல குடுக்கறான்" என்று இன்னும் ஆறவில்லை அவருக்கு. அந்த அம்மாளின் பிடிவாதத்துக்குப் பின்னால் நெப்போலியன் காலத்து, 1803ஆம் வருட, சட்டம் இருக்கிறது என்று அவரிடம் சொல்லிப் பிரயோஜனமில்லை. அங்கே மருந்தாளுநர்தான் மருந்துக் கடைக்கு முதலாளியாக முடியும். சூப்பர் மார்க்கெட்டில் ஒரு பாரசிட்டமால் கிடைக்காது. மருந்துக் கடையிலேயே 2020 முதல் அதைக் கையெட்டும் அலமாரியிலிருந்து எடுத்துக் கவுண்டருக்குப் பின்னால் வைத்துவிட்டார்கள்.

பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போனதில் போலீஸ்காரரின் சிவப்புத் தொப்பியை வைத்துக்கொண்டோம். தெருப்பெயர்ப் பலகையை வைத்துக்கொண்டோம். மஞ்சள் சுவர்களை வைத்துக்கொண்டு அதன் முன் கல்யாண ஜோடிகளை நிறுத்திப் போட்டோ எடுக்கிறோம். 1823இல் அவர்கள் தொடங்கிய மருத்துவப் பள்ளி ஜிப்மராக வளர்ந்து நிற்கிறது, அதில் நமக்குப் பெருமையும் உண்டு. கவுண்டருக்குப் பின்னால் நிற்கும் அந்த அம்மாளை மட்டும் வேண்டாம் என்றுவிட்டோம். போட்டோவுக்கு அவர் அழகாக இருக்க மாட்டார் போல.

இதில் மருந்தாளுநர் வர்க்கத்தையும் சும்மா விட முடியாது. ஆன்லைன் கம்பெனிகள் வந்தபோது 2018 செப்டம்பரில் நாடு முழுக்கக் கடையடைப்பு நடத்தி, மருந்து என்பது வெறும் சரக்கல்ல, தகுதி பெற்றவரின் கையால் போகவேண்டியது என்று மருந்து வணிகர்கள் முழங்கினார்கள். நியாயமான பேச்சு. மறுநாள் ஷட்டரைத் தூக்கியது யார்? அதே கத்தரிக்கோல் பையன். சான்றிதழை வாடகைக்கு விடுகிறவர், தான் படித்த படிப்புக்கு மதிப்பே இல்லை என்று அங்கலாய்ப்பதைக் கேட்டிருக்கிறேன். அவர் பக்கமும் கொஞ்சம் நியாயம் உண்டு. நாள் முழுக்க நிற்கும் பார்மசிஸ்டுக்கு முதலாளி தரும் சம்பளத்தில் குடும்பம் நடத்த முடியாது. அதற்காகத் தன் கையெழுத்தை யாரோ ஒருவன் போட்டுக்கொள்ளட்டும் என்று விடுவதா? பீகாரில் போலி மருந்தாளுநர்கள் பற்றிய வழக்கில், பதிவு பெற்றவர் இல்லாமல் மருந்தகம் நடப்பது குடிமக்களின் உயிரோடு விளையாடுவது என்ற பொருளில் உச்ச நீதிமன்றம் 2022இல் கண்டித்தது. பீகாருக்குச் சொன்னதுதானே என்று நாம் பீச் ரோட்டில் காற்று வாங்கிக்கொண்டிருந்தோம்.

காற்று 2025 கடைசியில் திசை மாறியது. பெயர் பெற்ற மருந்து கம்பெனிகளின் பெயரில் போலி மாத்திரை தயாரித்து வெளிமாநிலங்களுக்கெல்லாம் அனுப்பும் கூட்டம் புதுச்சேரியிலேயே இயங்குவது தெரியவந்தது. மூலப்பொருள் வந்து, மெஷின் ஓடி, அட்டை அச்சாகி, பெட்டி பெட்டியாக லாரி ஏறியிருக்கிறது. கண்டுபிடித்தது நம் கண்காணிப்பு அல்ல, தன் பெயரில் போலி ஓடுகிறது என்று ஒரு கம்பெனி கொடுத்த புகார். சி.பி.சி.ஐ.டி. இறங்கியது, கைதுகள் நடந்தன, துணைநிலை ஆளுநர் சி.பி.ஐ. விசாரணைக்குப் பரிந்துரைத்தார். இத்துனூண்டு ஊர் இது. ஸ்கூட்டரில் ஒரு மணி நேரத்தில் சுற்றி வந்துவிடலாம். கோட்டக்குப்பம் எல்லையில் பையில் ஒரு குவார்ட்டர் பாட்டில் இருந்தால் தமிழ்நாட்டுப் போலீஸ் மோப்பம் பிடித்துவிடுகிறது. லாரி நிறையப் போலி மாத்திரைக்கு மட்டும் வாசனையே இல்லை.

தனியார்தான் இப்படி, அரசு அலமாரியாவது பத்திரம் என்று நினைப்பவர்களுக்கு இன்னொரு வழக்கு. ஊரக சுகாதார இயக்கத்துக்கு மருந்து வாங்கியதில் தரமற்ற சரக்கு வந்தது என்றும், மருந்துக் கிடங்கில் இருந்த மருந்தாளுநரே வேண்டியவர்கள் பெயரில் ஏஜென்சி வைத்து அதை சப்ளை செய்தார் என்றும் குற்றச்சாட்டு. 2025இல் லஞ்ச ஒழிப்புப் போலீஸ் சுகாதாரத் துறையின் முன்னாள் இயக்குநர்கள் வரை கைது செய்தது. வழக்கு நடக்கிறது, தீர்ப்பு கோர்ட்டின் வேலை. ஆரம்ப சுகாதார நிலையத்து வரிசையில் நின்று, கொடுத்த மாத்திரையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கிப் போகிற கர்ப்பிணிக்கு எந்தக் கோர்ட் பதில் சொல்லும்?

2025 அக்டோபரில் கோல்ட்ரிஃப் இருமல் மருந்து. காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் தயாரானது. எஸ்ஆர்-13 என்ற பேட்சில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைகால் இருந்ததைத் தமிழ்நாட்டு ஆய்வகம் கண்டுபிடித்தது. மத்தியப் பிரதேசம் சிந்த்வாராவில் சிறுநீரகம் செத்து இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் போனார்கள். அந்தச் சிரப் புதுச்சேரிக்கும் வந்திருந்தது. எந்த மருந்தாளுநரும் பாட்டிலைக் குலுக்கிப் பார்த்து விஷத்தைக் கண்டுபிடிக்க முடியாது, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விதி கேட்பது வேறு ஒன்று. சீட்டுக்குக் கொடுக்கும் மருந்தில் நோயாளி பெயர், டாக்டர் பெயர், கம்பெனி, பேட்ச் எண், காலாவதித் தேதி எல்லாம் பில்லில் ஏறி, அடியில் மருந்தாளுநர் கையெழுத்து இருக்கவேண்டும். அந்தக் காகிதம் இருந்தால், விஷம் என்று தெரிந்த அன்று ராத்திரியே கதவைத் தட்டி, அம்மா அதைக் கொடுக்காதே என்று சொல்லலாம்.

அந்த வாரம் ஒரு கடையில் நின்று கேட்டேன். இருமல் மருந்து வாங்கிப் போனவர்களின் விவரம் இருக்கிறதா?

பையன் என்னை விநோதமாகப் பார்த்தான். "பில்லு கேட்டாதான சார் போடுவோம்? யாரு கேக்கறாங்க? காசு குட்தாங்க, வாங்கினு போய்ட்டாங்க. அவங்க ஊடு எங்க கீதுன்னு எனுக்கு இன்னா தெரியும்?"